அருகே வராதவன்

மூன்றாவது படத்தை அண்ணி மேஜையில் வைத்தபோது, வாய்வரைக்கும் வந்திருந்த ஒரு ஜோக்கை அப்படியே விழுங்கிவிட்டேன்.

முதல் படத்தில் ஜன்னல் முழுதாகத் தெரிந்தது. கம்பிகளுக்குப் பின்னால் நாற்காலியில் ஒரு பெண்மணி. அடுத்த ஞாயிறு வந்த படத்தில் அவர் இடுப்புக்கு மேல். இன்று காலை வந்ததில் தலையும் தோளும் மட்டும். கடிதம் கிடையாது, மிரட்டல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பேப்பருக்குள் செருகிய பழுப்புக் கவர், அவ்வளவுதான். வாரத்துக்கு வாரம் எவனோ கிட்டே வந்துகொண்டிருந்தான்.

"அடுத்த தடவை எங்கேயிருந்து எடுப்பான்? என் மடியில உக்காந்தா?" என்று கேட்டார் படத்தில் இருந்த பெண்மணி.

இவர் ஓய்வுபெற்ற மருந்து இன்ஸ்பெக்டர். போலி மருந்து தயாரித்த ஒரு கம்பெனிக்கு எதிராக நாளை காலை பத்தரை மணிக்கு இவர் சாட்சி சொல்ல வேண்டும். இவர் ஒருவரின் சாட்சிதான் வழக்கே. இவர் வாயைத் திறக்கக் கூடாது என்று ஆசைப்படுகிறவர்களை வரிசையில் நிறுத்தினால் தெரு முனை வரைக்கும் நிற்பார்கள்.

அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் பொய்க் கிளெய்ம்களைப் பிடித்தவர்; இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். நான் உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, கதவு தட்டுவது, தேவைப்பட்டால் அடி வாங்குவது என் இலாகா.

"போலீஸ் என்ன சொல்லுது?" என்று கேட்டார் அண்ணி.

"சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாசல்ல ரெண்டு பேரைப் போடறாங்களாம். ஜன்னலை மூடி வைக்கணுமாம். நான் மூட மாட்டேன்னுட்டேன். இன்னிக்கு ஜன்னலை மூடினா நாளைக்கு வாயையும் மூட வேண்டியதுதான்." தைரியமாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லி முடித்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "மூணு வாரமா ஒரே தலைசுத்தல். பயமா வயசான்னு தெரியல. நேத்து என் பேனாவை என் கையிலேயே வெச்சுக்கிட்டுத் தேடினேன்."

கதவு திறந்தது. அண்ணி படங்களைச் சட்டென்று பைக்குள் தள்ளினார். வந்தவர் கம்பவுண்டர். முப்பது வயது இருக்கும், வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத குரல். தினமும் ஊசி போட, மருந்து கொடுக்க வருகிறவர்.

"ஊசி நேரம்மா. அப்புறம் படுத்துக்குங்க. நாலு மணிக்கு வந்து பால் கலந்து தரேன்." ஊசி போட்டுவிட்டு, வாசல்வரை எங்களோடு வந்தார். "மேடம், நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. ஒரே கேள்வியை ரெண்டு தடவை கேக்கறாங்க. இந்த நிலைமையில கோர்ட்டுக்குப் போனா அந்த வக்கீல் இவங்களை உரிச்சுடுவான். எனக்கு அம்மா மாதிரி. மனசு கேக்கல."

"பாவம், நல்ல மனுஷன்" என்றேன் வெளியே வந்ததும். அண்ணி தோட்டத்தைச் சுற்றினார். ஜன்னலுக்குக் கீழே செம்மண், வேலிக்கு அப்பால் கால்வாய். நேற்றைக்கு முந்தின நாள் மழை. ஒரு செருப்புத் தடம்கூட இல்லை.

"கிட்ட வந்தவன் பறந்தா வந்தான்?" என்றார்.

"எடை குறைஞ்ச ஆளா இருக்கும்" என்றேன். முறைத்தார். ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

காட்டுவிலங்குப் படம் எடுப்பவர்களுக்கு லென்ஸ் விற்கும் கடை ஊரில் ஒன்றே ஒன்றுதான். ஞாயிறு விடுமுறை என்றாலும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்காரர் உள்ளே துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி அலமாரி முழுக்கக் கறுப்பும் வெள்ளையுமாகக் குழாய்கள். நுழைந்ததும் அத்தனையும் நம்மையே பார்ப்பதாகத் தோன்றியது.

அண்ணி மூன்று படங்களையும் வரிசையாக வைத்து, கைப்பையிலிருந்து ஆறு அங்குல இரும்பு ஸ்கேலை எடுத்தார். அண்ணிக்குத் தாலிக்கு அடுத்தபடி அதுதான்.

"ஜன்னல் கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி, முதல் படத்துல இருபது மில்லிமீட்டர். பின்னால சுவரோரம் இருக்கிற மேஜை, அம்பது. ரெண்டாவதுல இருபத்தெட்டு, எழுபது. மூணாவதுல நாப்பது, நூறு." ஸ்கேலை வைத்தார். "ஒருத்தன் நடந்து கிட்ட வந்திருந்தா, முன்னால இருக்கிற கம்பிதான் வேகமாப் பெரிசாகும். பின்னால இருக்கிற மேஜை அந்த அளவுக்கு ஆகாது. இங்க ரெண்டும் ஒரே கணக்குல வளருது. அந்தக் கம்பியைப் பாருங்க. மேஜை மேல இருக்கிற கடிகாரத்துல ஒன்பதை மறைக்குது. மூணு படத்துலயும் அதே ஒன்பது. இவன் ஒரு அடிகூட நகரல."

கடைக்காரர் துணியைக் கீழே வைத்தார். "ஒன்னு, ஒன்னு புள்ளி நாலு, ரெண்டு" என்றார் மெதுவாக. "கன்வெர்ட்டர்."

உள்ளங்கையில் அடங்கும் இரண்டு வளையங்களை எடுத்து வைத்தார். "லென்ஸுக்கும் காமிராவுக்கும் நடுவுல மாட்டறது. இது ஒன்னு புள்ளி நாலு மடங்கு இழுக்கும். இது ரெண்டு மடங்கு. சும்மா இழுக்காது. சின்னது பாதி வெளிச்சத்தைத் தின்னுடும். பெரிசு முக்காவாசியைத் தின்னுடும்."

"எங்க மாமா வீட்டுக்கு வர்ற மாதிரி" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "எல்லாரும் வந்து, எவ்வளவு தூரம் இழுக்கும்னுதான் கேப்பாங்க. எவ்வளவு வெளிச்சம் விடும்னு கேக்கறவன்தான் காட்டைப் பார்த்தவன். சின்ன வாய் ஜூம்ல பெரிய கன்வெர்ட்டரை மாட்டினா காமிராவுக்குக் கண்ணே தெரியாது, ஃபோகஸ் பிடிக்காம முன்னும் பின்னும் அல்லாடும். ரெண்டு கன்வெர்ட்டரும் வேலை செஞ்சிருக்குன்னா இது பெரிய வாய் லென்ஸ். ஐந்நூறு மில்லிமீட்டர், எஃப் நாலு. கைக்குழந்தை எடை இருக்கும். வாங்கறவன் யோசிச்சு வாங்குவான்."

"கன்வெர்ட்டர் எப்போ மாட்டுவாங்க?" என்றார் அண்ணி.

"கிட்டப் போக முடியாதப்போ. போக முடிஞ்சா போயிடணும், கன்வெர்ட்டரைத் தொடாதேம்பேன் நான். படம் மழுங்கும். இதோ, மூணாவது படத்துல இந்த அம்மா முகம் மசமசன்னு இருக்கு பாருங்க. ஓரமா வேற இருக்காங்க. பழைய காமிராவுல ரெண்டு மடங்கு போட்டா, நடுவுல இருக்கிற ஒரே ஒரு புள்ளிதான் ஃபோகஸ் பிடிக்கும். அவசரத்துல அடிச்சிருக்கான்."

நான் குனிந்து பார்த்தேன். முகம் மசமசப்புதான். பின்னால் கடிகாரத்தின் நொடி முள் என்னவோ நன்றாகத் தெரிந்தது. தெரிந்ததைச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது பசி.

"இந்த ஊர்ல ஐந்நூறு எஃப் நாலு யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணு பேர். ஒருத்தர் ரெண்டு மாசமாக் காட்டுல இருக்காரு. ஒருத்தர் போன வருஷம் இங்கயே வித்துட்டாரு. மூணாவது நம்ம கொக்கு சார்." அவர் குரல் குழைந்தது. "ஒரே இடத்துல எட்டு மணி நேரம் நிப்பாரு, அதான் அந்தப் பேரு. இடுப்பு எலும்பு உடைஞ்சு நாலு மாசமா மாடியை விட்டு இறங்கல. கால்வாய்க்கு இந்தக் கரையில, மூணாவது மாடி. பாவம், அங்கேயிருந்தே பறவை எடுக்கறாரு. போன வாரம்தான் அவர் பையன் வந்து ரெண்டு மடங்கு கன்வெர்ட்டர் வாங்கிட்டுப் போனாரு. அப்பா ஆசைப்பட்டாராம்."

கால்வாய்க்கு அந்தக் கரையில்தான் இன்ஸ்பெக்டரம்மாவின் ஜன்னல். மணி மூன்று முப்பத்தைந்து.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் பழுது. மூன்று மாடி ஏறுவதற்குள் நான்கு வகையான பயம் எனக்கு வந்துபோனது. பக்கத்தில் வர முடியாத ஒருவன், உட்கார்ந்த இடத்திலிருந்தே மாதக்கணக்கில் ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றால் அவன் மனதுக்குள் என்ன ஓடும்? விலங்குகளைப் பார்த்துப் பழகிய பொறுமை அது.

இரண்டாவது மாடித் திருப்பத்தில் அண்ணி நின்றுவிட்டார்.

"மூச்சு வாங்குதா?" என்றேன்.

"எட்டு மணி நேரம் நிக்கறவன் அவசரத்துல அடிப்பானா?" மூன்று படங்களையும் கைப்பிடிச் சுவரில் வைத்து, ஸ்கேலால் மூலைக்கு மூலை கோடு இழுத்தார். முதல் படத்தில் இரண்டு கோடுகளும் வெட்டிக்கொண்ட இடத்தைத் தொட்டார். இரண்டாவதைத் தொட்டார். மூன்றாவதைத் தொட்டவர் விரலை எடுக்கவில்லை.

மூன்று படத்திலும் கோடுகள் வெட்டியது ஒரே இடத்தில். இன்ஸ்பெக்டரம்மாவின் முகத்தில் இல்லை. அவருக்குப் பின்னால், மேஜை மேல் இருந்த டம்ளரில்.

"நடுப்புள்ளி மட்டும்தான் வேலை செய்யும்னார். நடுவுல இருக்கறதுதான் அவன் பிடிச்ச ஃபோகஸ். முகம் மழுங்கினது கன்வெர்ட்டராலன்னா கடிகாரமும் மழுங்கியிருக்கணும்ல?" பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். டம்ளருக்கு மேல் ஒரு கை. வெள்ளைச் சட்டைக் கை. விரல்களுக்கு நடுவில் மடித்த காகிதப் பொட்டலம் ஒன்று, வாய் பிரிந்து.

"அண்ணி..."

"அவன் அந்த அம்மாவை எடுக்கவே இல்லடா."

மீதிப் படிகளை எப்படி ஏறினோம் என்று எனக்கு நினைவில்லை.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே பால்கனியில், முக்காலியில் பூட்டிய பெரிய லென்ஸுக்குப் பின்னால் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வாக்கர். சுவர் முழுக்கப் பறவைகள். எங்களைத் திரும்பிப் பார்த்தார். யார் என்றுகூடக் கேட்கவில்லை.

"வந்துட்டீங்களா" என்றார். "பேப்பர் பையன் கையில கவரைக் குடுத்தனுப்பிட்டு மூணு வாரமா எதிர்பார்க்கறேன்."

"ஏன் எழுதிப் போடல? ஒரு வரி போதுமே" என்றார் அண்ணி. குரலில் கோபம் இருந்தது. "அந்த அம்மா செத்துச் செத்துப் பிழைச்சிருக்காங்க, உங்க படத்தைப் பார்த்து."

"என்னன்னு எழுதுவேன்?" பெரியவரின் கண்கள் ஜன்னலை விட்டு நகரவில்லை. "பேனாவை எடுத்தா அவன் பேர்தான் முதல்ல வருது. நான் வெச்ச பேரு."

சுவரில் பறவைகளுக்கு நடுவே ஒரே ஒரு மனிதப் படம். வெள்ளைச் சட்டை, அதிர்ந்து பேசாத முகம். கம்பவுண்டர்.

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். அவரேதான்.

"பையன் வேலை பாக்கறதை ஒரு தடவையாவது பாக்கணும்னு ஆசை. பெருமையாத்தான் எடுத்தேன் முதல் படத்தை" என்றார் பெரியவர். "பெரிசு பண்ணிப் பார்த்தா, சட்டைப் பையிலேர்ந்து என்னவோ எடுக்கறான். மருந்து அலமாரி பக்கத்துலயே இருக்கு, பையிலேர்ந்து எதுக்கு எடுக்கறான்? கண்ணு ஏமாத்துதோன்னு சின்ன கன்வெர்ட்டர் மாட்டினேன். பத்தல. பெரிசு வேணும்னேன். அவனே போய் வாங்கிட்டு வந்தான். அப்பா நல்லா பறவை எடுக்கட்டும்னு."

"எதுக்கு இப்படிப் பண்றான்?" என்றார் அண்ணி.

"அந்தக் கம்பெனிக்கு லேபிள் ஒட்டிக் குடுத்தவங்கள்ல இவனும் ஒருத்தன். தூக்கத்துல ஒருநாள் புலம்பினான். அந்த அம்மா நாளைக்குத் தெளிவாப் பேசிட்டா, அடுத்து இவங்களைத்தான் தேடுவாங்க." வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்தார். "வந்துட்டான். பால் ஊத்தறான்."

அண்ணி அதற்குள் இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது.

"போன் மேஜை மேல இருக்கு" என்றார் பெரியவர். "எடுத்துப் பாக்கறான். சத்தத்தை அமுக்கிக் கவுத்து வெச்சுட்டான்."

"ஓடட்டுமா?" என்றேன்.

"பாலம் அரை கிலோமீட்டர். நீங்க போறதுக்குள்ள அவங்க குடிச்சிருப்பாங்க." பெரியவர் லென்ஸ் வளையத்தைத் திருகினார். "பொட்டலம். ஒன்னு. இன்னிக்கு இன்னொன்னு எடுக்கறான். ஐயோ, மூணு."

பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் குடல் வெளியே வரும் அளவுக்குக் கத்தினேன். கீழே ஒரு லாரி ஹாரனை அழுத்தியபடி போனது. தெருவில் நாலு பேர் என்னை அண்ணாந்து பார்த்தார்கள். கால்வாய்க்கு அப்பால் அந்தச் சின்ன ஜன்னலில் ஒரு வெள்ளைச் சட்டை நாற்காலியை நோக்கி நகர்ந்தது.

அண்ணி பெரியவரின் சட்டைப் பையில் இருந்த போனைக் காட்டினார். "என் நம்பரை அவன் எடுக்க மாட்டான். உங்க நம்பரை எடுப்பான்."

"என்னால முடியாதும்மா."

"படம் எடுத்தீங்க, பெரிசு பண்ணினீங்க, அனுப்பினீங்க. யாராவது பார்த்துச் சொல்லட்டும்னு காத்திருந்தீங்க. இப்போ யாரும் இல்ல சார். நீங்கதான் இருக்கீங்க."

பெரியவர் பையிலிருந்து போனை எடுத்தார். வலது கண் வ்யூஃபைண்டரிலேயே இருக்க, பார்க்காமலே ஒரு பொத்தானை அழுத்தினார்.

"நான்தான்டா" என்றார். "கையில இருக்கற டம்ளரை அவங்ககிட்ட குடுக்காத."

மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று கேட்கவில்லை.

"இல்ல, உடம்புக்கு ஒன்னும் இல்ல. நான் பாத்துட்டு இருக்கேன். இப்பவும் பாக்கறேன். மூணு வாரமாப் பாக்கறேன். பறவை இல்லடா. உன்னை."

வெள்ளைச் சட்டை நின்றுவிட்டது. பிறகு மெல்லத் திரும்பி ஜன்னலைப் பார்த்தது. அந்தத் தூரத்தில் எனக்கு அது ஒரு புள்ளி. பெரியவருக்கு அப்படி இல்லை.

"கீழ வை" என்றார். "வெச்சுட்டு உக்காரு. அப்பா சொல்றேன்ல."

போனை மடியில் போட்டுவிட்டு, காமிராவை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நீங்க பாருங்கம்மா. என்னால பாக்க முடியல."

அண்ணி குனிந்து பார்த்தார். "வெச்சுட்டான். மேஜை மேல இருக்கு. முழுசா இருக்கு. அந்த அம்மா எழுந்து போனை எடுக்கறாங்க." அவர் கையில் இருந்த போன் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்து, "அந்தப் பாலைத் தொடாதீங்க, கொட்டவும் விடாதீங்க, வாசலுக்கு வந்து நில்லுங்க" என்று மட்டும் சொன்னார். போலீஸுக்கு நான் போன் செய்தேன். ஆறு மணியெல்லாம் இல்லை, இப்போதே வாருங்கள் என்று கத்தியதில் அந்தப் பக்கம் இருந்தவர் பயந்துவிட்டார்.

"அவன் ஓடறானா?" என்றார் பெரியவர்.

"இல்ல. உக்காந்திருக்கான்."

"அழறானா?"

அண்ணி கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ்வளவு தூரத்துலேர்ந்து முகம் தெரியல சார்" என்றார்.

பெரியவர் தலையை ஆட்டினார். அந்த லென்ஸில் எது தெரியும், எது தெரியாது என்று அவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் அந்தப் பொய்யை அவர் நன்றியோடு வாங்கிக்கொண்டார் என்றே எனக்குப் பட்டது. அண்ணியின் மேல் எனக்கு என்றும் இல்லாத மரியாதை வந்தது.

காமிராவின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, நகம் அளவுள்ள கார்டை எடுத்து அவரே அண்ணியின் கையில் வைத்தார்.

"இதை எடுத்தது யாருன்னு நாளைக்குக் கோர்ட்ல கேப்பாங்க சார்" என்றார் அண்ணி தயக்கத்தோடு. "நாங்க வேற வழி ஏதாவது..."

"வேற வழியெல்லாம் வேண்டாம்." வாக்கரை இழுத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். எழ முயன்றார், முடியவில்லை. மறுபடி உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு என்னைக் கீழே இறக்க ரெண்டு ஆள் வேணும்" என்றார்.